துவைக்க வேண்டாம் என்ற துணி

"இப்பத்தாங்க மேடம் தூங்குச்சு. எந்திரிச்சதும் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு சுகிர்தா கவுன்களை மடிக்கிறாள். மடித்த கவுனையே உதறி மறுபடி மடிக்கிறாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கைகளையும் சாத்தியிருக்கிற படுக்கையறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவுக்குப் பின்னால் பவளம் தூங்குகிறாள், இரண்டரை வயது. திருச்சியில் எங்கள் குழந்தைகள் இல்லத்திலிருந்து அவளை இந்தக் கரூர் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டது நான்தான். ஆடி போகட்டும் மேடம், ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து அழைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள், அப்படியே காத்திருந்து கொண்டுவந்தேன். வாசலில் ஆரத்தி எடுத்தார்கள், சுகிர்தாவின் கணவர் மிட்டாய் டப்பாவைத் திறக்கத் தெரியாமல் கிழித்தார், எல்லாரும் சிரித்தோம். இப்போது அதே வாசல் வழியாகத் திரும்பக் கூட்டிப்போக வந்திருக்கிறேன். கலெக்டர் உத்தரவு கைக்கு வரும்வரை தத்து முடிந்ததாகாது, அதுவரை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஜவுளிக்கடையில் பில்லோடு போனால் புடவையை மாற்றித் தருகிற மாதிரி. என்ன நினைப்பு இது, இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்துகொண்டு, என்று என்னை நானே அதட்டிக்கொள்கிறேன், அதட்டியும் புடவைதான் கண்ணுக்குள் நிற்கிறது. கீழே வேப்பமரத்து நிழலில் இல்லத்து வண்டி நிற்கிறது. டிரைவர் ஆரோக்கியம் சீட்டைச் சாய்த்துத் தூங்கியிருப்பார். தெரு முழுக்கத் தறி ஓடுகிறது. வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் காதில் விழுவது நின்றுவிட்டது, ஆனால் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தால் உள்ளங்கைக்குத் தெரிகிறது, வீடே லேசாக நடுங்கிக்கொண்டிருக்கிறது. பவளம் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் கூட்டிப்போக வேண்டும். இப்படியே தூங்கட்டும், சாயங்காலம் ஆகட்டும், சுகிர்தாவுக்கு மனசு மாறட்டும், அல்லது எனக்கு ஏதாவது சொல்லத் தெரியட்டும்.

வண்டியை நினைத்தால் சாரு வந்துவிடுகிறாள். நினைக்கக் கூடாது என்றுதான் வரும் வழியெல்லாம் ஆரோக்கியத்திடம் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். சாருவையும் இதே வண்டியில்தான் திரும்பக் கூட்டி வந்தேன். அப்போது அவளுக்கு நாலு வயது, வேறு ஊர், வேறு வீடு, நல்ல வீடு, வாசலில் கார், கூண்டில் கிளி. அந்த வீட்டு அம்மாவுக்குத் திடீரென்று தானே கர்ப்பம் என்று தெரிந்தது, இரண்டையும் பார்க்க முடியாது என்றார்கள், அவ்வளவுதான் விஷயம். சாரு பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கேள்வியும் கேட்காமல் வந்தாள். அழுதிருந்தால் மடியில் போட்டுக்கொண்டிருப்பேன், கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அவள் இரண்டும் செய்யாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் இல்லத்தில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கவே இல்லை. ராத்திரி தூங்கிய பிறகு ஆயாம்மா மெதுவாகக் கழற்றி வைப்பார், காலையில் பார்த்தால் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள், வார் பக்கிளெல்லாம் ஒழுங்காக மாட்டி. ஏன் சாரு என்று ஒரு நாள் கேட்டேன். "எப்ப கூப்புடுவீங்கன்னு தெரியாதுல்ல" என்றாள். குறை சொல்கிற குரலில் இல்லை, மழை வந்தாலும் வரும் என்று குடையை எடுத்துவைக்கிறவள் சொல்வது போலச் சொன்னாள். அவள் இப்போது வேறு ஊரில் நன்றாகத்தான் இருக்கிறாளாம். இருக்கட்டும். ஆனால் சிமெண்டுத் தரையில் யாராவது செருப்புக் காலோடு நடந்தால் நான் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். இந்த வீட்டு வாசலிலும் ஒரு ஜோடி குட்டிச் செருப்பு இருக்கிறது, மிதித்தால் பீப்பீ என்று கத்துகிற வகை. சுகிர்தா ஆசையாக வாங்கியிருக்கிறாள். "அதப் போட்டுக்கிட்டும் சத்தம் வராம நடக்குதுங்க. குதிகாலத் தூக்கிட்டு நடந்து பழகிக்கிச்சு. பின்னாடி வந்து நிக்கிறதே தெரியாது, சமைச்சிட்டுத் திரும்பினா நிக்கும்" என்று இப்போது அவளே சொல்கிறாள். நான் செருப்பைப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன். கத்துவதற்கென்றே செய்த செருப்பைக் கத்தாமல் போட்டு நடக்க ஒரு குழந்தைக்கு எவ்வளவு கவனம் வேண்டும், அந்தக் கவனத்தை அது எங்கே கற்றது, எங்களிடம்தான், வரிசைக் கட்டில்களுக்கு நடுவில், ஒன்று அழுதால் எல்லாம் எழுந்துவிடும் என்று நாங்கள் உஷ் உஷ் என்று சொல்லிச் சொல்லி.

சுகிர்தா மடித்ததைப் பையில் வைத்து, திரும்ப எடுத்து, வேறு மாதிரி அடுக்குகிறாள். "அழுதாக்கூடப் பரவால்லீங்க மேடம். அழவே மாட்டேங்குது. அன்னிக்குக் கட்டில்ல இருந்து விழுந்து நெத்தி பொடச்சுக்கிச்சு. நான் பதறிட்டு ஓடறேன், அது எந்திரிச்சு உக்காந்துட்டு என்னையவே பாக்குது. ஒரு சத்தம் இல்லீங்க." பிறகு குரல் இறங்குகிறது. "அதுக்கு அங்கதான் புடிச்சிருக்கு. லூர்தம்மா லூர்தம்மான்னு தூக்கத்துல சொல்லுது. நான் புடிச்சு வெச்சிருக்கறது பாவமுங்க." லூர்தம்மா எங்கள் ஆயா, பவளத்தைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர். குழந்தைக்கு அழத் தெரியாமல் இல்லை சுகிர்தா, அழுதால் ஆள் வரும் என்கிற நம்பிக்கைதான் இல்லை, இல்லத்தில் வளர்கிற பிள்ளைகள் இப்படித்தான், ஒரு நாள் உன்னிடம் அழும், அன்றைக்கு நீ ஜெயித்துவிட்டாய் என்று வைத்துக்கொள். இதையெல்லாம் நேற்றுப் போனிலேயே சொன்னேன், தத்தெடுக்க வருகிறவர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்பில் சொல்கிற அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில். மைக் பிடித்துச் சொன்னால் முன்வரிசையில் தலையாட்டுவார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். போனில் சுகிர்தா, "சரிங்க மேடம், நாளைக்கு வண்டி அனுப்பறீங்களா" என்றாள். குழந்தையோடு கொடுத்தனுப்பிய துணி அவள் கட்டிலில் இல்லை, இங்கே எதிர் நாற்காலி முதுகில் கிடக்கிறது, வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். லூர்தம்மாவின் பழைய நூல் புடவையில் கிழித்த துண்டு, பச்சையில் மஞ்சள் பூ. பவளத்தோடு அனுப்பும்போது நூறு தடவை சொன்னேன், இதைத் துவைக்க வேண்டாம், அழுக்காகத் தெரிந்தாலும் துவைக்க வேண்டாம், இதில் லூர்தம்மா வாசனை இருக்கிறது, புது வாசனை பழகும்வரை குழந்தைக்கு இதுதான் வீடு. சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமே டெட்டாலில் ஊறப்போட்டு அலசி மொட்டைமாடியில் காயவைத்துவிட்டாள். புதுசாக வீட்டுக்கு வந்த மகளை நாற்றத் துணியோடு படுக்க வைப்பதா என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. யாருக்குத்தான் கேட்கும், குழந்தை வருகிறது என்று சுவருக்கே வெள்ளையடித்தவர்கள். பவளம் அந்தத் துணியை வாங்கி முகத்தில் வைத்து மோந்து பார்த்தாளாம். மறுபடி ஒரு தடவை, வேறு முனையை. அப்புறம் மடித்து சுகிர்தா கையிலேயே கொடுத்துவிட்டாளாம். "நல்லாத்தானுங்க மடிச்சுக் குடுத்துச்சு" என்று அன்றைக்கு அவள் போனில் பெருமையாகச் சொன்னாள். அவளைத் திட்டவில்லை. பெயரையும் தன்விகா என்று மாற்றிவிட்டார்கள், ஜோசியர் எழுத்துக் கொடுத்தாராம், கூப்பிட்டால் குழந்தை வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. அதற்கும் திட்டவில்லை. ஆசையில் செய்கிற தப்புக்கு நான் எந்த வகுப்பு நடத்துவது.

"காப்பி போடறேங்க" என்று எழுந்து போகிறாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, போகட்டும், நேரம் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறேன். சமையலறையில் பாத்திரம் உருளுகிறது. "சனியன், இந்தக் கரித்துணி எங்கதான் போவுதோ. வெக்கிற எடத்துல இருக்கறதில்ல. எலி இழுத்துட்டுப் போவுது போலிருக்குங்க, இதோட எத்தனையாச்சுன்னே தெரியல" என்று அவளே பேசிக்கொள்கிறாள். பழைய செய்தித்தாளை மடித்துப் பால் சட்டியைப் பிடித்து இறக்கிக்கொண்டு வருகிறாள், தாள் ஓரம் கருகிப் புகைகிறது. எலிதான் எங்கள் இல்லத்திலும், பண்டக அறையில் பால்பவுடர் பையைக் கடித்துவிடுகிறது, சேமியாவைக் கடித்துவிடுகிறது, போன மாதம் பூனை வளர்க்கலாமா என்று ஒரு கூட்டமே நடந்தது. பவளம் படுத்த கட்டிலில் இப்போது வேறு குழந்தை படுக்கிறது. அதை நான் சுகிர்தாவிடம் சொல்லவில்லை. கூட்டிப்போனால் எங்கே படுக்க வைப்பது, மூலையில் மடக்குக் கட்டில் போடலாம். லூர்தம்மா ஓடி வருவார், பவளம் அவர் இடுப்பில் ஏறுவாள், அப்போது அந்த இடுப்பில் வேறொரு குழந்தை இருந்தால்? இருக்கும், எப்போதும் ஒன்று இருக்கும். பவளம் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகி நிற்பாள், குதிகாலைத் தூக்கிக்கொண்டு. காப்பி ரொம்ப இனிப்பு. குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள் என்று வகுப்பில் சொல்வேன். ஐஸ்கிரீம் வாங்கப் போகலாம் என்று சொல்லி வண்டியில் ஏற்றாதீர்கள், எங்கே போகிறோம், ஏன் போகிறோம், யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள், சின்ன வார்த்தையில் சொல்லுங்கள். சரி வசுமதி மேடம், சின்ன வார்த்தையில் சொல்லுங்கள் பார்ப்போம், என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பவளம், நாம லூர்தம்மாகிட்ட போறோம். சரி. அம்மா வரமாட்டாங்க. எந்த அம்மா? ஏன் வரமாட்டாங்க? அங்கே நின்றுவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறது. உன்னை யாருக்கும் பிடிக்காமல் இல்லை என்று சொல்லவேண்டும், ஆனால் இல்லை இல்லை என்று இத்தனை இல்லை போட்டால் குழந்தைக்குக் கடைசி இல்லை மட்டும்தான் கேட்கும். சாருவிடம் என்ன சொன்னேன்? நினைவில்லை. ஏதோ சொன்னேன், நன்றாகத்தான் சொன்னேன், அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "அவரு?" என்று கேட்கிறேன், கேட்காமலே இருந்திருக்கலாம். "கம்பெனிக்குப் போயிட்டாருங்க. இருந்து பாக்க மாட்டேன்னுட்டாரு" என்கிறாள் சுகிர்தா, பையின் ஜிப்பை மூடியபடி. ஜிப் பாதியில் சிக்குகிறது. ஏதோ ஒரு கவுனின் லேஸ் மாட்டிக்கொண்டுவிட்டது. அவள் இழுக்கிறாள், நான் குனிந்து உதவப் போகிறேன், இரண்டு பேரும் அந்த லேஸைக் கிழியாமல் எடுக்க ஏதோ ஆபரேஷன் செய்வது போல மும்முரமாகிவிடுகிறோம், எடுத்துவிட்டால் மூடவேண்டுமே என்று இரண்டு பேருக்கும் தெரிகிறது.

அப்போதுதான் கரண்ட் போகிறது. மின்விசிறி சுற்றிச் சுற்றித் தளர்கிறது, தெருத் தறிகளெல்லாம் ஒரே அடியாக நிற்கின்றன. இவ்வளவு நேரம் கேட்காமல் இருந்த சத்தம் நின்றதும்தான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிகிறது. எங்கோ ஒரு சைக்கிள் மணி, எங்கோ யாரோ தொண்டையைக் கனைக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் கட்டில் முனகுகிறது. எழுந்துவிட்டாள். தறிச் சத்தத்தில்தான் இத்தனை நாளாகத் தூங்கப் பழகியிருக்கிறாள், அது நின்றதும் எழுந்துவிட்டாள், இந்த வீட்டின் சத்தம் அவளுக்குப் பழகியிருக்கிறது என்று புத்தி ஒரு பக்கம் சொல்கிறது, இன்னொரு பக்கம் காது தானாகத் தரையில் செருப்புச் சத்தத்தைத் தேடுகிறது. செருப்பு வாசலில் இருக்கிறது, எனக்குத் தெரியும், இருந்தும் தேடுகிறது. கதவு கொஞ்சமாகத் திறக்கிறது. ஒரு கண், நெற்றியில் ஒட்டிய முடி, அப்புறம் முழுக் குழந்தை, ஒரு பக்கக் கன்னத்தில் தலையணைக் கோடு. கையில் என்னவோ கசங்கிய கறுப்புத் துணி. நான் நாற்காலியிலிருந்து இறங்கி மண்டி போடுகிறேன். குழந்தையின் கண் உயரத்துக்கு வாருங்கள், கைகளை நீட்டாதீர்கள், அதுவாக வரட்டும். "பவளம்" என்கிறேன். சிரிக்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை நகர்ந்து பைக்குப் போகிறது, பையிலிருந்து வாசல் செருப்புக்கு, செருப்பிலிருந்து திரும்ப என் முகத்துக்கு. நான் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. லூர்தம்மா கையிலிருந்து வாங்கி வண்டியில் ஏற்றியவள். நான் வந்தால் இருக்கிற இடம் போய்விடும். வாய் திறக்கிறது. சத்தம் வரவில்லை, முகம் மட்டும் சிவந்து சிவந்து, மூச்சு உள்ளேயே போய்க்கொண்டிருக்கிறது, சுகிர்தா பயந்து எழுந்திருக்கிறாள், அப்போது வருகிறது அந்த அழுகை. பெரிய அழுகை, அந்தச் சின்ன உடம்புக்குப் பொருந்தாத அழுகை, இரண்டரை வருஷத்து அழுகை. என்னைச் சுற்றிக்கொண்டு ஓடி, தரையில் தட்தட்டென்று குதிகால் பதிய ஓடி, சுகிர்தாவின் நைட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். சுகிர்தா இரண்டு கைகளையும் தூக்கியபடி அப்படியே நிற்கிறாள், தொட்டால் நின்றுவிடுமோ என்பது போல. "அழுவுதுங்க மேடம்" என்கிறாள். "ஐயோ, அழுவுதுங்க." பிறகு அள்ளிக்கொள்கிறாள். தோளில் போட்டதும் குழந்தையின் கையிலிருந்த துணி அவள் மூக்கருகே வருகிறது. அவள் அதைப் பார்க்கிறாள். மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, மூலையில் அடுப்பில் பொசுங்கிய ஓட்டை. நான் இருக்கிற இடத்துக்கே பெருங்காய வாசனை வருகிறது. "எங் கரித்துணி" என்கிறாள் சுகிர்தா. "இத வெச்சுக்கிட்டா படுத்திருந்த நீ? கழுதை, இத வெச்சுக்கிட்டா?" சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வருகிறது. இத்தனை வகுப்பு எடுத்தவளுக்கு, வாசனையைப் பற்றி மைக்கில் பேசுகிறவளுக்கு, எலி என்றதும் எலிதான் தோன்றியது. குழந்தை என் பக்கம் திரும்பி ஒரு தரம் பார்த்துவிட்டு இன்னும் உரக்க வீறிடுகிறது. சுகிர்தா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறாள். நடு வீட்டில் இப்படியும் அப்படியும் ஆட்டியபடி நடக்கிறாள். "இல்ல சாமி, இல்ல. போயிடுவாங்க. இந்தா இப்பப் போயிடுவாங்க. எம் பவளக்குட்டிய யாரும் தூக்கிட்டுப் போவ மாட்டாங்க." பவளம் என்றுதான் சொல்கிறாள், அது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் பையிலிருந்து ஒரு கவுனை எடுத்து நாற்காலியில் வைக்கிறேன், இன்னொன்றை வைக்கிறேன், எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் காலிப் பையைத் தட்டி மடிக்கிறேன். போகும்போது குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும், நழுவிப் போகக் கூடாது, அதுவும் நான் சொல்லிக்கொடுப்பதுதான். சொல்ல வாயெடுக்கிறேன். சுகிர்தா திரும்பாமலே, "மேடம், போங்க மேடம்" என்கிறாள். கெஞ்சுகிற மாதிரி, கோபம் மாதிரி. நான் நழுவிப் போகிறேன்.

மாடிப்படி இறங்கும்போது மேலே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கிறது. எனக்காகப் போட்ட தாழ்ப்பாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, இதைத்தானே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இதைவிட வேறென்ன வேண்டும், ஆனால் அடுத்த படி எங்கே என்று கால் தடவுகிறது. ஆரோக்கியம் வண்டியின் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் பின்னால் எட்டிப் பார்க்கிறார். "கொழந்த எங்க மேடம்?" "வரலை." "யாரு, அதுவா அழுவுது?" "ஆமா." அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தப் போகிறார், நான் தடுத்துப் பின் சீட்டிலேயே உட்கார்ந்துகொள்கிறேன், ஜன்னலோரம் விட்டுத் தள்ளி, அது சாரு உட்கார்ந்து வந்த இடம். "கொஞ்சம் இருங்க, எடுக்காதீங்க" என்கிறேன். மேலே அழுகை இன்னும் கேட்கிறது, விட்டு விட்டு, இப்போது நடுவில் சுகிர்தாவின் குரலும். எங்கள் இல்லத்திலும் அழுகைகள் நிற்கும், யாரும் வராததால் நிற்கும். இங்கே ஒருத்தி வந்திருப்பதால் நிற்கும். கீழேயிருந்து கேட்கிறவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும், ஆனாலும் நான் கேட்கவேண்டும், இது எப்படி நிற்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், சாருவுக்கும் மனசுக்குள் சொல்லிவிடுவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். அழுகை விக்கலாகிறது. விக்கலுக்கு நடுவே இடைவெளி நீள்கிறது. அப்போது கரண்ட் வந்துவிடுகிறது. தெரு முழுக்கத் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்து, எல்லாவற்றையும் மூடிக்கொள்கின்றன. ஆரோக்கியம் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். மேலே போய் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம்தான். நான் போனால் மறுபடி அழும்.